நடனத் தவளைக்குத் தண்ணீர் மட்டும் போதாது

நடனத் தவளை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கைபேசியில் சுற்றும் ஒரு சிறு காணொளி. ஈரப் பாறைமேல் கட்டைவிரல் நுனி அளவுத் தவளை ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு பின்னங்காலை நீளமாக நீட்டும், விரல்களை விரிக்கும், மெல்ல மடக்கிக்கொள்ளும். கீழே 'ஜோடியை மயக்க ஆடுகிறது' என்று ஒரு வரி. அதே தவளை அழிந்துவருவதாகச் செய்தி வரும்போது, 'மலையில் தண்ணீர் ஓடும்வரை தவளைக்கு என்ன குறை?' என்ற பேச்சும் கூடவே வருகிறது.

முதல் பேச்சு பாதிதான் சரி. இரண்டாவது, தவளைகளைக் காப்பாற்ற எடுக்கும் முயற்சிகளையே தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. ஓடையின் எந்தப் பகுதியை இந்தத் தவளை எப்போது, எதற்காகப் பயன்படுத்துகிறது என்று தெரிந்துகொண்டால், தண்ணீர் நிறைய இருந்தும் ஓர் ஓடையிலிருந்து தவளைகள் மறைந்துபோவது ஏன் என்பது விளங்கும்.

எந்தத் தவளை இது?

மிக்ரிக்சாலஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இனங்களைத்தான் நடனத் தவளைகள் என்கிறோம். நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்புக்குப் பேரினம் என்று பெயர். 1888-ல் அறிவியல் பெயர் பெற்ற இந்தப் பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உண்டு. உலகில் வேறெங்கும் கிடையாது. இப்படி ஒரே நிலப்பகுதிக்குள் அடங்கிவிட்ட உயிரினத்தை ஓரிடவாழ்வி என்பார்கள்.

உடல் நீளம் பெரும்பாலும் 2 முதல் 3 செ.மீ. நிறம் நனைந்த பாறைக்கும் மக்கிய சருகுக்கும் இடைப்பட்டது. அசையாதவரை கண்ணில் படாது. பல இனங்களுக்குக் கண்டெடுத்த இடமே பெயராகிவிட்டது. கர்நாடகத்தின் கொட்டிகெஹாரா, கேரளத்தின் நெல்லியாம்பதி, நம் தென்கோடியில் அகத்தியமலைப் பகுதியிலுள்ள கோதையாறு ஆகிய மூன்றின் பெயராலும் ஒவ்வோர் இனம் உண்டு.

காலை ஏன் நீட்டுகிறது?

தேர் இழுக்கும்போது மேளமும் கூட்டத்தின் இரைச்சலும் சேர்ந்துவிட்டால், 'நிறுத்து' என்று கத்தினால் யார் காதிலும் விழாது. முன்னால் நிற்பவர் துண்டை உயர்த்தி வீசிக் காட்டுவார். பின்னால் கட்டை போடுபவர் அந்தக் கையைப் பார்த்துத்தான் வேலை செய்வார். பாறைகளில் மோதி விழும் காட்டோடையின் பக்கத்தில் வாழும் தவளைக்கும் இதே சிக்கல்தான். அதன் குரல் சின்னது. தண்ணீரின் இரைச்சலோ நாளெல்லாம் ஓயாது.

ஆகவே ஆண் தவளை குரலோடு காட்சியையும் சேர்த்துக்கொள்கிறது. தொண்டைக்கடியில் இருக்கும் வெளிறிய குரல்பை உப்பி உப்பி அடங்குவது தொலைவிலிருந்தே தெரியும். பின்னங்காலைத் தூக்கி நீட்டி விரிக்கும்போது விரலிடைச் சவ்வு பளிச்சென்று வெளிப்படும். இதைக் கால்கொடி காட்டல் என்று சொல்லலாம். காலை நீட்டாமல் பாதத்தை மட்டும் தரையில் தட்டும் அசைவும் உண்டு. இவையெல்லாம் வெளிச்சம் இருந்தால்தான் பயன்படும். அதனால் பெரும்பாலான தவளைகளைப் போல் இரவுக்குக் காத்திராமல், இவை பகலில் சுறுசுறுப்பாக இருக்கின்றன.

யாருக்காக இந்தச் சைகை? பெண்ணுக்காக என்பதுதான் பரவலான பேச்சு. வட கன்னட மாவட்டத்தில் கத்தலேகானின் காட்டோடைகளில் செய்த ஆய்வுகளில் தெரிந்தது வேறு. பக்கத்தில் வேறு ஆண்கள் கூடும்போதுதான் கால்கொடி காட்டுவதும் கூடுகிறது. 'இந்தப் பாறை என்னுடையது, நெருங்காதே' என்ற எச்சரிக்கை அதில் முதன்மையானது. நெருங்கியே வந்துவிட்டால் பின்னங்காலால் உதைத்துத் தள்ளுவதும் நடக்கும். அந்த உதைதான் காலப்போக்கில் தொடாமலே மிரட்டும் சைகையாக மாறியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதிலிருந்து வாழிடம் பற்றிய முதல் பாடம் கிடைக்கிறது. ஆணுக்கு வேண்டியது நீரோட்டத்துக்கு நடுவே அல்லது ஓரத்தில் தலைநீட்டி நிற்கும் ஈரப் பாறை. அங்கிருந்து மற்றொரு ஆணின் கால் தெரிய வேண்டும். பாறை முழுவதும் மூழ்கினாலும், வெயிலில் காய்ந்து சூடேறினாலும் அது பயன்படாது.

சுருக்கமாக: காலை நீட்டுவது இரைச்சலான இடத்துக்கேற்ற பேச்சு. அது பெரும்பாலும் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலானது. அதற்கு வெளிச்சமும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும் ஈரப் பாறையும் வேண்டும்.

சரளைக்கு அடியில் நடக்கும் வாழ்க்கை

காணொளிகளில் வராத பகுதி இதுதான். தவளையின் பிழைப்பு உண்மையில் தீர்மானமாவதும் இங்கேதான்.

இணை சேர்ந்த பெண், ஓடையில் நீர் ஆழமில்லாமல் ஓடும் இடத்துக்குப் போய்ப் பின்னங்கால்களால் அடித்தளத்தைத் தோண்டுகிறது. கிடைத்த சிறு குழியில் முட்டைகளை இட்டு, மணலும் சரளையும் தள்ளி மூடிவிடுகிறது. இப்படி ஓடைப் படுகையிலேயே முட்டையைப் புதைக்கும் முறை 2010-ல்தான் அறிவியல் இதழில் விவரமாகப் பதிவானது. குட்டைத் தவளைகளின் முட்டை நீர்ப்பரப்பில் நுரையாகவோ கூழாகவோ மிதப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், 'இந்த ஓடையில் முட்டையே இல்லையே' என்று முடிவு கட்டிவிட இடமுண்டு. முட்டை இருக்கும், காலடியில்.

தலைப்பிரட்டையும் அப்படியே. பேரினத்துக்குப் பெயரிட்டு 128 ஆண்டுகள் கழித்து, 2016-ல்தான் அது முதன்முதலில் முறையாக விவரிக்கப்பட்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜுவும் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அது. இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம், தலைப்பிரட்டை நீரில் நீந்திக்கொண்டிருக்கவில்லை. படுகையின் மணலுக்குள்ளும் சரளைக்குள்ளும் புதைந்திருந்தது.

அதன் உடலைப் பார்த்தாலே அது எங்கே வாழ்கிறது என்பது தெரிந்துவிடும். குண்டுத் தலையும் சிறு வாலும் அதற்குக் கிடையாது. விலாங்குபோல் நீண்ட, தசைப்பற்றுள்ள உடல். கண்களைத் தோல் மூடியிருக்கிறது. இருட்டில் சரளைக்குள் நெளியும் உயிருக்கு அது பாதுகாப்பு. மற்றத் தலைப்பிரட்டைகளின் வாயில் வரிசையாக இருக்கும் நுண்பற்கள் இதற்கில்லை. தாடையில் ரம்பம்போன்ற விளிம்பு இருக்கிறது. பெரிய மணற்துகள்கள் உள்ளே போகாமல் தடுக்க அது உதவலாம் என்கிறார்கள். தலைப்பிரட்டைப் பருவத்திலேயே விலா எலும்புகள் தோன்றியிருக்கின்றன. தவளை உலகில் இது மிக அரிது. மணலைத் துளைத்து நகரும் தசைகளுக்கு அது பிடிமானமாக இருக்கலாம். குடலில் மணலும் மக்கிய இலைத்துகள்களும் இருந்தன.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. சரளைக் கற்களுக்கும் மணலுக்கும் நடுவே இருக்கும் சிறு வெளிகளை இடுக்குவெளி என்போம். ஓடைநீர் மேலே மட்டும் ஓடுவதில்லை. இந்த இடுக்குவெளிகள் வழியாகப் படுகைக்குள்ளும் மெதுவாக ஓடுகிறது. புதைந்த முட்டைக்கும் தலைப்பிரட்டைக்கும் உயிர்வளி (ஆக்சிஜன்) வருவது அந்த வழியாகத்தான். இடுக்குவெளி அடைபட்டால், மேலே தெளிந்த நீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் மூச்சு முட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே மலையில் வாழும் மற்றொரு தவளை ஓடையை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து 2017-ல் விவரிக்கப்பட்ட பூபதி ஊதாத் தவளை, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கிறது; வடகிழக்குப் பருவமழையில் வெளியே வந்து முட்டையிடுகிறது. அதன் தலைப்பிரட்டை உறிஞ்சான்போன்ற வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு பாய்ந்துவரும் நீரில் நிற்கும். அதற்குப் பாறைமேல் வெள்ளம் வேண்டும். நடனத் தவளைக்கோ வெள்ளம் வடிந்து, நீர் இறங்கி, பாறைகள் தலைகாட்டும் காலம் வேண்டும். 'நல்ல மழை, தவளைக்கெல்லாம் கொண்டாட்டம்' என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான் சரிவராது. இனப்பெருக்கக் காலத்தில் பெய்யும் காலந்தவறிய பெருமழை முட்டையோடு படுகையையே புரட்டிக்கொண்டு போகக்கூடும்.

மேலே இருக்கும் மரம் என்ன செய்கிறது?

தவளையின் தோல் மெல்லியது. ஈரமாக இருக்கும்வரை அது அந்தத் தோல் வழியாகவும் மூச்சுவிடுகிறது. 2 செ.மீ. உடலில் தேங்கியிருக்கும் நீர் மிகக் கொஞ்சம். நேரடி வெயிலில் அது விரைவில் காய்ந்துவிடும். ஓடைக்கு மேலே இருகரை மரங்களும் கிளைகோத்து நிற்கும் மூடாக்கு இந்த ஈரத்தைக் காக்கிறது.

நீருக்குள்ளும் அதன் பயன் உண்டு. கடல்மட்ட அழுத்தத்தில் 20 பாகை செல்சியஸ் நீர், லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்துவைத்திருக்கும். 30 பாகையில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. மலை உயரத்தில் இரண்டு அளவுமே இன்னும் குறைவு. அதே நேரம் வெப்பம் கூடக்கூடத் தலைப்பிரட்டையின் உடலுக்குத் தேவைப்படும் உயிர்வளியும் கூடுகிறது. வரவு குறையும்போது செலவு ஏறும் நிலை அது.

மூன்றாவது, சருகு. தலைப்பிரட்டையின் குடலில் கிடந்த மக்கிய துகள் கரையோர மரங்களிலிருந்து விழுந்ததுதான். மரத்தை வெட்டினால் நிழலோடு உணவும் போகிறது. கரையைப் பிடித்துவைத்திருந்த வேரும் போகிறது.

எங்கே கெடுகிறது?

முதலில் வண்டல். இது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. ஆகவே அதிகம் பேசப்படாதது. மலைச்சாலை அகலப்படுத்தும்போது வெட்டிய மண், ஓடையோரம் புதிதாகக் கிளறிய தோட்டநிலம், ஓடையில் நேராக இறங்கும் ஜீப் தடம் எல்லாவற்றிலிருந்தும் முதல் கனமழையில் நுண்மண் இறங்குகிறது. மணல் வேறு, களிமண் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். மணலும் சரளையும் கலந்த படுகைதான் தலைப்பிரட்டையின் வீடு. அதைவிட நுண்ணிய களிமண் இடுக்குவெளிகளில் இறங்கிப் பூச்சுபோல் அடைத்துவிடும். கலங்கல் இரண்டொரு நாளில் தெளிந்துவிடுவதால் 'ஓடை பழையபடி ஆகிவிட்டது' என்று தோன்றும். படுகைக்குள் புகுந்த களிமண் அங்கேயே இருக்கும். நேர்மாறாக, கட்டடத்துக்காக மணலையும் சரளையையும் அள்ளினாலோ, முட்டையும் தலைப்பிரட்டையும் லாரியில் ஏறிவிடுகின்றன.

அடுத்தது தடுப்பணை. நீர் சேமிக்க நல்ல வழி என்று பெயர்பெற்றது என்பதால், தவளைக்கும் நல்லது என்று எண்ணிவிடுகிறார்கள். சிறு காட்டோடையில் குறுக்கே ஒரு மீட்டர் சுவர் எழுப்பினால், மேல்பக்கம் ஓட்டம் நின்று குளமாகிறது. ஆண்கள் அமரும் பாறைகள் மூழ்குகின்றன. நின்ற நீரில் வண்டல் படிந்து சரளையை மூடுகிறது, நீர் சூடேறுகிறது. கீழ்ப்பக்கம் கோடையில் ஓட்டமே அறுகிறது. குட்டைத் தவளைகள் அங்கே பெருகலாம். அதைப் பார்த்து 'தவளை கூடியிருக்கிறது' என்று மகிழ்ந்தால், எந்தத் தவளை என்ற கேள்வி விட்டுப்போகிறது.

குழாய் வைத்து நீரெடுப்பதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். ஒரு மீட்டர் அகலம், 5 செ.மீ. ஆழம், விநாடிக்கு 20 செ.மீ. வேகம் உள்ள ஓடையில் விநாடிக்கு 10 லிட்டர் ஓடுகிறது. கோடையில் அகலம் 40 செ.மீ., ஆழம் 2.5 செ.மீ., வேகம் 10 செ.மீ. என்று சுருங்கினால் ஓடுவது விநாடிக்கு ஒரே ஒரு லிட்டர். 20 லிட்டர் வாளியை 40 விநாடியில் நிரப்பும் குழாய் விநாடிக்கு அரை லிட்டர் எடுக்கிறது. அப்படி இரண்டு குழாய்கள் போதும், ஓடை நின்றுவிடும். மழைக்காலத்தில் அதே குழாய்களால் ஒரு பாதிப்பும் தெரியாது. ஆகவேதான் 'இத்தனை வருஷமா எடுக்கிறோம், என்ன ஆச்சு?' என்று கேட்பவரும் மனமறிந்து பொய் சொல்வதில்லை.

கொசுவை ஒழிக்கவென்று கொண்டுவந்து விடும் காம்பூசியா மீன் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். தோட்டப் பூச்சிமருந்து, அருவியில் குளிப்பவர்களின் ஷாம்பு, சோப்பு எல்லாம் அந்த மெல்லிய தோலைத் தொடுகின்றன. தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் பதிவாகியிருக்கிறது.

சுருக்கமாக: நீரின் அளவு ஒரு பகுதிதான். அது ஓட வேண்டும், ஆழம் குறைவாக இருக்க வேண்டும், மேலே நிழலும் அடியில் அடைபடாத சரளையும் இருக்க வேண்டும். ஒன்று போனால் மற்றவை இருந்தும் பயனில்லை.

'14 புது இனம் கிடைத்ததே, பிறகென்ன அபாயம்?'

2014-ல் பிஜு குழுவினர் ஒரே ஆய்வில் 14 புதிய நடனத் தவளை இனங்களை விவரித்தார்கள். மொத்த எண்ணிக்கை 24 ஆனது. எண்ணிக்கை கூடியதால் நிலைமை தேறிவிட்டது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். நடந்தது தலைகீழ்.

முன்பு, மலைத்தொடரின் பல இடங்களில் கிடைத்த ஒரேமாதிரித் தவளைகளுக்கு ஒரே பெயரைக் கொடுத்து, 'பரவலாக இருக்கும் இனம்' என்று நினைத்திருந்தார்கள். மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு மலைப்பகுதியிலும் இருப்பது தனித்தனி இனம் என்று தெரிந்தது. பரவலாக இருந்ததாக எண்ணிய ஒன்று, சிறு சிறு பரப்பில் ஒடுங்கிய பலவாகப் பிரிந்துவிட்டது. சில ஓடைகளில் மட்டும் வாழும் இனத்துக்கு அந்த ஓடைகள் போனால் எல்லாமே போயிற்று. அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடலாமே என்றால், நடுவில் இருக்கும் காய்ந்த முகடும் தார்ச்சாலையும் வெட்டவெளித் தேயிலையும் 2 செ.மீ. ஈரத்தோல் உயிருக்குக் கடக்கக்கூடிய தூரம் அல்ல.

2023-ல் வெளியான உலக நீர்நில வாழ்விகள் மதிப்பீடு 8,011 இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 40.7 விழுக்காடு அழிவு அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. நடனத் தவளைகளில் அந்த அளவு 92 விழுக்காடு, 24-ல் 22. உலகிலேயே அதிக அபாயத்தில் இருக்கும் தவளைப் பேரினங்களின் வரிசையில் இது முன்னணியில் இருக்கிறது.

ஓடையோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு

கரையோரப் பட்டையைக் கிளறாமல் விடுவதுதான் முதல் வேலை. இருகரையிலும் 30 மீட்டர் என்ற அளவு ஓடைப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களில் அடிக்கடி வருவது. அவ்வளவு விட முடியாத சிறு தோட்டத்தில் 10 மீட்டர் விட்டாலும் நிழலுக்கு உதவும். வண்டலைத் தடுக்க அது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மரம் நடும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, வேகமாக வளரும் என்பதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கையோ தைலமரத்தையோ வைப்பது. நாவல் குடும்பத்து மலைமரங்கள், உத்திராட்சத்தின் உறவு மரங்கள், ஓடையோர மூங்கில் வகைகள் போன்ற உள்ளூர்க் கலவைதான் அந்த ஓடைக்குப் பழக்கமான நிழலையும் சருகையும் தரும். வால்பாறைப் பகுதியில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளில் இப்படி உள்ளூர் மரங்களை நட்டு மீட்டுவருகிறது. இரண்டாவது தவறு, கரை விளிம்பிலேயே வரிசையாகக் குழி தோண்டுவது. மே மாதம் தோண்டிக் குவித்த மண், ஜூன் மழையில் நேராகப் படுகைக்குள் போய்ச் சேரும். விளிம்பிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் தள்ளிக் குறுகிய குழிகளாக எடுத்து, விளிம்பில் ஏற்கெனவே இருக்கும் புல்லையும் பெரணியையும் அப்படியே விட வேண்டும்.

நீரெடுப்பதைக் கோடையில் அளந்து செய்யலாம். வாளியும் கடிகாரமும் போதும். ஓட்டத்தை அளக்க, காய்ந்த இலை ஒன்றை ஒரு மீட்டர் மிதக்கவிட்டு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, ஒரு மீட்டரை அந்த விநாடிகளால் வகுத்தால் வேகம் கிடைக்கும்; அதை அகலம், ஆழத்தோடு பெருக்க வேண்டும். எடுப்பது ஓடுவதில் பாதியை நெருங்கினால், மழைக்காலத்திலேயே தொட்டியில் சேமிக்கும் ஏற்பாட்டுக்கு மாற வேண்டும்.

படுகை அடைபட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓடைக்குள் இறங்க வேண்டாம். கரையில் நின்றபடி நீண்ட குச்சியால் ஓரத்துச் சரளையை ஒரே ஓரிடத்தில் மெல்ல அழுத்திப் பாருங்கள். சில மணற்துகள் எழுந்து உடனே படிந்தால் நல்லது. சேற்றுப் புகை கிளம்பி நீரோடு நீண்டு போனால், மேலே எங்கோ மண் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓடையோரமாக மேல்நோக்கி நடந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் செய்ய வேண்டியது. படுகையைக் கிளறிச் சுத்தம் செய்யப் போகக் கூடாது.

பார்க்கவும் படமெடுக்கவும் வருபவர்களுக்கு

படுகையில் நடப்பது முட்டைமேல் நடப்பது. கரைப்பாறையில் உட்கார்ந்து 15, 20 நிமிடம் அசையாமல் இருந்தால் தவளைகள் தாமாகவே மீண்டும் காலை நீட்டத் தொடங்கும். நல்ல கோணத்துக்காகக் கல்லைப் புரட்டினால் அந்தக் கல்லுக்கடியில் இருந்த இடுக்குவெளி கலைந்துவிடும். கல்லைத் திரும்ப வைத்தாலும் பழையபடி அமையாது. கொசு விரட்டும் களிம்பு பூசிய கையால் தவளையையோ நீரையோ தொடக் கூடாது. ஓர் ஓடையிலிருந்து மற்றோர் ஓடைக்குப் போகுமுன் செருப்பு, பூட்ஸ் அடியில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். கைட்ரிட் பூஞ்சை நன்றாகக் காய்ந்தால் சாகும். அரைகுறை ஈரத்தில் பிழைத்து அடுத்த ஓடைக்குப் பயணம் செய்யும். ஒரே நாளில் இரண்டு ஓடை பார்ப்பதானால் இரண்டாவது சோடி செருப்பு எடுத்துப்போவது எளிது.